நான்கு பிஸ்டன் காலிப்பர் உள்ள காருக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும் நானே மாற்றலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா?

நீலச்சக்கரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டின் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்கள் பிரெம்போ தயாரிப்பு; முன்னால் நான்கு பிஸ்டன், பின்னால் இரண்டு பிஸ்டன். முன் டிஸ்க்கின் விட்டம் 326 மில்லிமீட்டர். இன்னொருவர் ஓட்டிய காரை வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மூன்று முறை பந்தயத் தடத்திலும் ஓட்டியிருக்கிறேன்.

மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பிரேக்கை அழுத்தினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வேகம் குறையக் குறைய நடுக்கமும் அடங்கிவிடுகிறது. முன் பேடுகளில் 4 மில்லிமீட்டர்தான் மிச்சம். டிஸ்க்கின் வெளிவிளிம்பை விரலால் தடவினால் மேடு ஒன்று தட்டுப்படுகிறது. பட்டறையில் காட்டியபோது, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலேயே, டிஸ்க் வளைந்துவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்கும் கூலி ஏறக்குறைய முன் பேடுகளின் விலைக்கு வந்து நிற்கிறது.

கூலி ஒன்றுதான் தடை என்றால் இந்தக் கேள்வியை எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு டயர் மாற்றக் கொடுத்தபோது அதே பட்டறையில் வீல் நட்டுகளை ஏர் கன்னால் அடித்து இறுக்கியதில் ஒரு போல்ட்டின் மரை வழுக்கிவிட்டது. பிரேக் வேலையையும் அதே கைகளிடம் ஒப்படைக்க மனம் ஒப்பவில்லை. மறுபுறம், என் கைகளை நம்பவும் எனக்குப் பெரிய காரணம் இல்லை. எண்ணெய், ஸ்பார்க் பிளக், ஃபில்டர் ஆகியவற்றை நானே மாற்றுவேன். ஒரு பிஸ்டன் காலிப்பர் உள்ள சிறிய கார் ஒன்றுக்கு, அனுபவமுள்ள நண்பர் பக்கத்தில் நிற்க, ஒரே ஒருமுறை பேடு மாற்றியிருக்கிறேன். ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டுகளும் உண்டு. குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லை.

இந்த வேலையில் என்னைப் போன்றவர் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று, செய்து பார்த்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தன்கையன்:

வணக்கம் நண்பரே. பதினோரு ஆண்டுகளாக என் கார்களின் பிரேக் வேலையை நானே செய்துவருகிறேன். ஆகவே என் பதில் ஒருபக்கச் சார்புடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் அஞ்சும் நான்கு பிஸ்டன் காலிப்பரில், நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்த ஒரு பிஸ்டன் காலிப்பரைவிடப் பேடு மாற்றுவது எளிது. ஒரு பிஸ்டன் காலிப்பர் கைடு பின்களின் மேல் நகரக்கூடியது. அதைத் திருப்பித் தூக்க வேண்டும், பின்களுக்கு கிரீஸ் இட வேண்டும், உறைகள் கிழியாமல் பார்க்க வேண்டும். உங்களுடையதோ நகராத காலிப்பர். பேடுகளைத் தாங்கும் இரண்டு பின்களைத் தட்டி எடுத்துவிட்டு, நடுவிலுள்ள வில்தகட்டை விலக்கினால், காலிப்பரைக் கழற்றாமலேயே பேடுகளைப் பின்பக்கத் திறப்பின் வழியாக உருவிவிடலாம். பழைய பேடுகள் இருக்கும்போதே பிஸ்டன்களைச் சற்று உள்ளே தள்ளிவிட வேண்டும். ஒரு பக்கத்துப் பிஸ்டனைத் தள்ளும்போது எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன் வெளியே வர முயலும் என்பதால், ஒரு பேடை மட்டும் எடுத்து, புதியதைச் செருகி, அதன் பிறகே அடுத்ததைத் தொடுவது என் வழக்கம். காலிப்பரின் இரண்டு பெரிய போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியது டிஸ்க்கை மாற்றும்போது மட்டும்தான். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், அந்த "வளைந்துவிட்டது" என்ற சொல்லைக் கொஞ்சம் ஐயத்தோடு பாருங்கள். சாலையில் ஓடும் காரின் வார்ப்பிரும்பு டிஸ்க் உண்மையிலேயே வளைவது மிக அரிது. நீங்கள் உணரும் நடுக்கத்திற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பது ஒன்று. பந்தயத் தடத்தில் நன்றாகச் சூடேற்றிவிட்டு, வந்து நின்றதும் பிரேக்கை அழுத்தியபடியே காத்திருந்தால், பேடு பதிந்திருந்த இடத்தில் முத்திரை குத்தியதுபோல் படிவு விழுந்துவிடும். மற்றொன்று, டிஸ்க்கின் கனம் அதன் சுற்றில் இடத்துக்கு இடம் மாறுபடுவது. 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே கைக்குத் தெரிந்துவிடும். தலைமயிரின் கனம்கூட அதைவிடக் கூடுதல்.

அந்தக் கன வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. டிஸ்க் போய் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இருந்தால், டிஸ்க் நேராக உட்காராது. சுழலும்போது அதன் ஓரம் மிக மெல்லியதாக ஆடும். நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதுகூட, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். பல ஆயிரம் கிலோமீட்டர் இப்படி உரசிய பிறகு அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும். அப்போதுதான் நடுக்கம் தொடங்கும். துரு இருந்ததோ டிஸ்க் பொருத்திய அன்றே; ஆனால் பழி விழுவது டிஸ்க் தயாரித்தவர் மேல். ஹப்பின் முகம் சிறியது, டிஸ்க் பெரியது என்பதால், அங்கே 0.05 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு துருத் துணுக்கு இருந்தால் டிஸ்க்கின் ஓரத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடும். நகரும் காலிப்பர் இந்த ஆட்டத்தோடு ஓரளவு சேர்ந்து அசைந்துகொடுக்கும். உங்களுடைய நகராத காலிப்பர் அசைந்துகொடுக்காது.

ஆகவே என் வேலையில் பாதி நேரம் ஹப்பைத் தேய்ப்பதிலேயே போகும். கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கி, ஒவ்வொரு வீல் போல்ட்டின் அடிப்பகுதியைச் சுற்றியும் சுத்தம் செய்து, டிஸ்க்கை மாட்டி, நட்டுகளால் இறுக்கிப் பிடித்து, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் இடம் தள்ளி மாட்டி மறுபடியும் அளப்பேன். இவ்வளவு பொறுமையைக் கூலிக்குச் செய்பவரிடம் எதிர்பார்ப்பது கடினம். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வெளியே நான்கு கார்கள் காத்திருக்கின்றன. என் காரை நானே செய்வதற்கான உண்மையான காரணம் அந்த நேரம்தான்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பட்டறைவாசி:

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் நான். மேலே நண்பர் எழுதியதில் தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை. சக்கரத்தைக் கழற்றாமலேயே டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொன்ன பட்டறையை நான் காப்பாற்ற வரவும் இல்லை. ஆனால் வீட்டில் தொடங்கி என்னிடம் வந்து முடிந்த வேலைகளையும் நான் பார்த்திருக்கிறேன், அவற்றைச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது.

இரும்புத் தகடு டிஸ்க்கைப் பார்த்திருக்க, பேடுகளைத் திருப்பி மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கைடு பின்களுக்குச் சாதாரண பெட்ரோலிய கிரீஸைத் தடவியதால் ரப்பர் உப்பி, பின் அசையாமல் பிடித்துக்கொண்ட காலிப்பர்களுக்குக் கணக்கே இல்லை. அங்கே சிலிகோன் கிரீஸ் அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மட்டுமே போக வேண்டும். ஒருவர் இரண்டு காலிப்பர்களையும் கழற்றி வண்ணம் அடித்து, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிவிட்டார். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகு மேலே இருப்பதற்குப் பதிலாகக் கீழே போய்விட்டதால், எவ்வளவு திரவத்தை ஓட்டியும் காற்று மேலேயே தங்கிவிட, இரண்டு நாள் போராடிய பிறகு, மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பழுது என்று முடிவு கட்டி அதையும் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உங்கள் காரைப் போன்றவற்றில் உள்ளே காற்றோட்டக் கண்ணறைகள் வளைவாக அமைந்த டிஸ்க்குகளை மாட்டினால், அவற்றுக்கும் வலம் இடம் உண்டு. மேலே தெரியும் கோடுகளைப் பார்த்துத் திசையை முடிவுசெய்யாதீர்கள். முடிவுசெய்வது உள்ளே இருக்கும் கண்ணறைகளின் வளைவு.

இவை எல்லாம் திறமைக் குறைவால் வந்தவை அல்ல. செய்தவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். எது கண்ணுக்குத் தெரியாதோ அதைச் சோதிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் கோடு கிழிப்பது ஓரிடத்தில்: பிரேக் திரவம் ஓடும் பாதை திறக்கப்படுகிறதா, இல்லையா. பேடும் டிஸ்க்கும் மாற்றுவதற்கு பிரேக் ஹோஸைக் கழற்ற வேண்டியதில்லை; அந்த வரை நிதானமுள்ள எவரும் செய்யலாம். திரவத்தை மாற்றுவதும், அதில் புகுந்த காற்றை எடுப்பதும் வேறு வகை. உங்கள் காலிப்பர் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு பிளீடர்கள் இருக்கின்றன. ஒன்றை மறந்தால் ஒரு பக்கத்தில் காற்று தங்கிவிடும். காலிப்பர் அலுமினியம் என்பதால் பிளீடரைக் கூடுதலாக ஒரு சுற்று இறுக்கினாலே மரை போய்விடும். பழைய காரில் காற்று எடுக்க மிதியைத் தரைவரை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் என்றுமே போகாத, துருவும் கசடும் படிந்த இடத்திற்குப் போய்க் கிழிபடக்கூடும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அதன் ஓட்டத்தைக் குறைப்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே உள்ள திரவக் குடுவையைக் காலியாக விட்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகுக்குள் காற்று போய்விட்டால், பல கார்களில் அதை வெளியேற்றக் கணினிக் கருவி வேண்டும். கார் அசையாமல் வீட்டு வாசலில் நிற்கும், கருவி பட்டறையில் இருக்கும். அரைக் கிணறு தாண்டிய கதைதான்.

வேறு கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு கிளைச்செய்தி. உங்கள் எஸ்டிஐயில் ஹேண்ட் பிரேக் கம்பியால் இழுபடுவது. பின் டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் சிறிய டிரம்மாக இருக்கிறது. அதைத் தளர்த்தினால் டிஸ்க் வந்துவிடும். மின் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் பின் காலிப்பரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனை வலிந்து தள்ளினால் மோட்டாரின் பற்சக்கரம் உடைந்துபோகக்கூடும். 2001இல் மெர்சிடிஸ் எஸ்எல் காரில் வந்து, பிறகு இ-கிளாஸுக்கும் போன எஸ்பிசி என்ற மின்னீரழுத்த பிரேக் இன்னும் ஆபத்தானது. அந்த அமைப்பு, கதவைத் திறந்தாலோ பூட்டைத் திறந்தாலோகூடத் தானே விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். முறைப்படி அதைச் செயலிழக்கச் செய்யாமல் காலிப்பருக்குள் விரலை வைத்தவரின் விரல் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. கார்பன் செராமிக் டிஸ்க் உள்ள கார்களில், சக்கரத்தைக் கழற்றும்போது விளிம்பு டிஸ்க்கில் இடித்தாலே ஓரம் பெயர்ந்துவிடும். அவற்றுக்குரியவர்கள் இந்தத் திரியை வாசித்து நம்பிக்கை கொள்ள வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதென்றால், டயல் கேஜ் வைத்து அளந்து எண்ணைச் சொல்வீர்களா என்று முதலில் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

நீலச்சக்கரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. பேடும் டிஸ்க்கும் நானே, திரவம் பட்டறையில் என்று முடிவெடுக்கும் பக்கம் சாய்கிறேன். ஒரே ஐயம்: திரவத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமா? குடுவையில் அளவு சரியாகவே இருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று எனக்குத் தெரியாது. மேலும், பந்தயத் தடத்துக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் ஒரே பேடு போதுமா?

மூன்றாம்வளைவு:

அளவு சரியாக இருப்பதும் திரவம் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. பிரேக் திரவ வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளவை. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அதே தரவிதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 5.1க்கு இந்த எண்கள் 260, 180. இவ்வரிசையில் எண்ணால் நடுவில் நிற்கும் டாட் 5 சிலிகோன் திரவம்; பெயரை நம்பி அதை இவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 0.58 மெகாஜூல். வேகத்தை இரட்டித்து 200 ஆக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகி 2.3 மெகாஜூலைத் தொடும். ஏறக்குறைய ஏழு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. அதை ஐந்தாறு நொடிகளுக்குள் நான்கு டிஸ்க்குகள் விழுங்க வேண்டும். அதிலும் பெரும்பங்கு முன் இரண்டின் தலையில் விழும். அடுத்த வளைவில் மறுபடியும், அதற்கடுத்த வளைவில் மறுபடியும். அந்த வெப்பம் பேடின் முதுகு வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து திரவத்துக்கும் ஏறுகிறது. திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கக்கூடியது என்பதால் மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். எனக்கு ஒருமுறை நேர்ந்திருக்கிறது. அன்று தடத்தின் ஓரத்தில் காரைத் தடுத்து நிறுத்திய சரளைக்கல் பரப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எப்போது மாற்றியது என்று தெரியாத திரவத்துடன் இனித் தடத்துக்குப் போகாதீர்கள். சாலைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, தடத்துக்குப் போகிறவருக்குக் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை என்பது என் கணக்கு.

இங்கேதான் பட்டறைவாசி ஐயாவோடு சற்று முரண்படுகிறேன். முதல்முறை அவர் சொல்வதுபோல் பட்டறையில் செய்யுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஆனால் தடத்துக்குப் போய்க்கொண்டே இருப்பதென்றால், காற்று எடுக்கும் வேலையை என்றாவது கற்றுக்கொண்டே ஆக வேண்டும். நண்பகலில் மிதி மென்மையாகிவிட்டால் அங்கே பட்டறை கிடையாது.

பேடைப் பொறுத்தவரை, இரண்டுக்கும் ஒன்று என்பது இரண்டிலும் சுமார் என்றே பொருள். முழுத் தடப் பேடுகள் சூடேறிய பிறகே பிடிக்கும். காலையில் கராஜிலிருந்து வெளியே வந்ததும் முதல் சிக்னலில் கார் நிற்க யோசிக்கும், கூடவே கீச்சிடும், டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். ஆண்டுக்கு ஒரு தட நாள்தான் என்றால் வேகமான சாலை ஓட்டத்துக்கான நடுத்தரப் பேடு போதும். அடிக்கடி என்றால் இரண்டு தொகுதி வாங்கி, போவதற்கு முந்தின நாள் மாற்றுங்கள். உங்கள் காலிப்பரில் அது ஒரு மணி நேர வேலை. அதனால்தான் சொல்கிறேன்: பேடு மாற்றுவதற்கு ஆண்டுக்கு நான்கு முறை கூலி கொடுக்கும் நிலையில் இந்தப் பொழுதுபோக்கே தாங்காது.

மாட்டியவுடன் பேடைப் பழக்க மறவாதீர்கள். வெறிச்சோடிய, பாதுகாப்பான இடத்தில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவு உறுதியாக அழுத்தி, எட்டு முதல் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். ஒருமுறைகூட முற்றாக நிற்கக் கூடாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஒரே சீராகப் படிவதற்காகத்தான் இவ்வளவும். பேடு தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அவர் சொல்வதே செல்லும்.

என் வெட்கக்கேடு ஒன்றையும் பதிந்துவிடுகிறேன். முதல்முறை பேடு மாற்றி முடித்த மகிழ்ச்சியில் ஜாக்கியை இறக்கி, காரைக் கிளப்பி, பின்னோக்கி எடுத்தேன். பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருந்ததால் பேடுகளுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நல்ல இடைவெளி. முதல் அழுத்தத்தில் மிதி தரையைத் தொட்டது, இரண்டாவதிலும் தொட்டது, மூன்றாவதில் பிடிப்பதற்குள் கதவுத் தூணில் பின்பம்பர் உட்கார்ந்துவிட்டது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே மிதி கெட்டியாகும்வரை மெதுவாக அழுத்திவிட வேண்டும். அப்போதே குடுவையில் திரவ அளவையும் பார்த்துவிடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், வண்ணத்தை அரித்துவிடும்.

மெதுவோட்டி:

எல்லோரும் வேலையைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செய்முறைக் காணொளிகளில் நாற்பது நிமிடம் ஆகும் முன் டிஸ்க் வேலை எனக்கு முதல்முறை ஒன்றரை நாள் எடுத்தது. டிஸ்க் ஹப்போடு துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் நடுப்பகுதியில் அதற்கென்றே மரை வெட்டிய இரண்டு துளைகள் இருப்பதும், அவற்றில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளை மாறி மாறித் திருகினால் டிஸ்க் தானே பிரிந்து வருமென்பதும், சுத்தியலால் அரை நாள் அடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஆகவே மறுநாள் காலை கார் தேவைப்படும் மாலையில் இதைத் தொடங்காதீர்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்தாமல், ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

நீலச்சக்கரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் செலவிட்ட நேரத்துக்குக் கணக்கு ஒப்படைப்பது கடமை.

டார்க் ரெஞ்சும், காந்த அடித்தளம் உள்ள டயல் கேஜும், கனம் அளக்கும் மைக்ரோமீட்டரும் வாங்கினேன். மூன்றின் விலையையும் கூட்டினால் பட்டறையில் கேட்ட கூலியைத் தாண்டிவிட்டது. எனவே முதல் சுற்றில் எனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பதைச் சேமிப்புக்காக இதில் இறங்குகிறவர்கள் கவனிக்கவும்.

எதையும் கழற்றுவதற்கு முன் பழைய முன் டிஸ்க்கை அளந்தேன். இடது பக்கம் 0.03 மில்லிமீட்டர் ஆட்டம். வலது பக்கம் 0.12. கனத்தைச் சுற்றிலும் எட்டு இடங்களில் பார்த்தபோது வலது டிஸ்க்கில் எதிரெதிரான இரண்டு இடங்கள் மற்றவற்றைவிட 0.03 மில்லிமீட்டர் மெலிந்திருந்தன. தன்கையன் அவர்கள் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அந்த முள் காட்டியது. டிஸ்க்கை எடுத்தபின் ஹப்பைப் பார்த்தால், ஒரு வீல் போல்ட்டின் அடியில் மட்டும் தடித்த துருப் பட்டை. சென்ற ஆண்டு மரை வழுக்கி மாற்றப்பட்ட அதே போல்ட். அதை மாற்றியபோது யாரும் அந்த இடத்தைச் சுத்தம் செய்யவில்லை.

கனம், டிஸ்க்கின் மேல் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவைவிட அரை மில்லிமீட்டரே கூடுதலாக இருந்ததால் இரண்டு முன் டிஸ்க்குகளையும் மாற்றிவிட்டேன். பின் டிஸ்க்குகளில் ஆட்டமும் இல்லை, தேய்மானமும் அதிகமில்லை. அவற்றை அப்படியே விட்டேன். அதாவது "நான்கையும்" என்று சொன்னதில் இரண்டு தேவையே இல்லை. ஹப்பைத் தேய்த்து மாட்டிய புதிய டிஸ்க் வலது பக்கம் முதலில் 0.07 காட்டியது, இரண்டு போல்ட் இடம் தள்ளி மாட்டியதும் 0.04க்கு இறங்கியது. முழு வேலைக்கும் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையில் பாதியும் போயின.

தவறு இல்லாமல் இல்லை. முதல் ஓட்டத்தில் வலது சக்கரத்திலிருந்து தகரத்தைச் சுரண்டும் சத்தம் வந்து உயிரே போய்விட்டது. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக் கவசத்தைக் கையூன்றி வளைத்திருக்கிறேன். அது டிஸ்க்கை உரசியிருக்கிறது. விரலால் பின்னுக்குத் தள்ளியதும் நின்றுவிட்டது. திரவத்தை வேறொரு பட்டறையில், பக்கத்தில் நின்று பார்த்து மாற்றினேன். வெளியே வந்தது கறுத்துப்போன கஷாயம்போல் இருந்தது. அந்த மெக்கானிக் எட்டு பிளீடர்களையும் வரிசையாகத் தொட்டார், மிதிக்கடியில் மரக்கட்டையும் வைத்தார். கேட்காமலேயே வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நடுக்கம் முற்றிலும் போய்விட்டது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: முன்புறம் எல்லா போல்ட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். மறுபடியும் எதையாவது சோதிக்க வேண்டுமா?

பட்டறைவாசி:

நல்ல வேலை. வீல் நட்டுகளை 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, கார் ஆறியிருக்கும்போது, டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். காலிப்பர் போல்ட்டுகளை மறுபடி இறுக்காதீர்கள். மார்க்கர் பேனாவால் தலையிலும் காலிப்பரிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றும்போது கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிளீடர் ஒவ்வொன்றின் ரப்பர் மூடியும் இருக்கிறதா, அடியில் ஈரம் கசிகிறதா என்று ஒரு வாரம் கழித்து விளக்கடித்துப் பாருங்கள். அந்த வலது ஹப்பில் மாற்றிய போல்ட் முழுமையாக உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பின்பக்கத்திலிருந்து பார்த்துவிடுங்கள். ஏர் கன்னால் மரை வழுக்கவிட்டவர்கள் அதையும் பாதியில் விட்டிருக்க வாய்ப்புண்டு.